டிப்போவில் நின்ற பஸ்

மார்ச் 3

ஸ்கூட்டர் டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று தெரியும். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் நமக்குள் சண்டை வந்துவிடும் என்பதால் வழக்கம்போல் காகிதத்தைப் பிடித்திருக்கிறேன்.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து இந்த மறுவாழ்வு மையத்துக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. பெயரைக் கேட்டதும் என்னோடு பஸ் ஓட்டிய பழைய ஆள் ஒருவன், "எப்பண்ணே குடிக்க ஆரம்பிச்சீங்க?" என்றான். நடக்கப் பழக்கி வீட்டுக்கு அனுப்புகிற இடம் என்று அவனுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிரமாதமான இடம். வாசலில் பெரிய பலகை வைத்து, 'ஒருவரும் விழாமல் இத்தனை நாட்கள்' என்று எழுதி, தினமும் காலையில் எண்ணிக்கையை மாற்றுகிறார்கள். முப்பது வருஷம் விபத்தில்லாமல் பஸ் ஓட்டி மெடல் வாங்கியவன் அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? எனக்குப் புல்லரித்துவிட்டது. சாப்பாடு, மருந்து, பேப்பர் எல்லாம் கட்டிலுக்கே வருகிறது. காலைக் கீழே வைத்தால் போதும், மெத்தைக்கு அடியில் மணி அடித்து நர்ஸ் ஓடிவந்துவிடுவார். நேற்று பக்கத்துக் கட்டில் தையல்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். "ரெக்கார்டைக் கெடுத்துடாதீங்க, படுங்க" என்று நான்தான் அதட்டிப் படுக்கவைத்தேன். மேட்ரன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நீ அனுப்பிய செருப்பு இன்னும் கடையில் வாங்கிய அன்று போலவே இருக்கிறது. குதிகாலில் மட்டும் லேசான எரிச்சல். மாதக் கடைசியில் மகன் வருவான். அதற்குள் எழுந்து நடந்தால் வீடு, இல்லாவிட்டால் நிரந்தரமாக முதியோர் இல்லம் என்று சொல்லியிருக்கிறான். இங்கே கவனிக்கிற கவனிப்புக்கு நான் ஓடியே போய்விடுவேன், பார்.

இப்படிக்கு,
விபத்தில்லா டிரைவர்


மார்ச் 7

டிரைவர் சாருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை நின்றபடி படிக்க ஆரம்பித்தேன், முடிக்கும்போது உட்கார்ந்துவிட்டேன். செருப்பு புதிதாகவே இருக்கிறது என்று பெருமை வேறா? நடக்கப் பழகப் போன மனுஷனின் செருப்பு இரண்டு வாரத்தில் கொஞ்சமாவது தேய வேண்டாமா? படுத்தே கிடக்கிறவர்களுக்குத்தான் குதிகால் எரியும். இன்றே நர்ஸிடம் காட்டுங்கள், விட்டால் புண்ணாகிவிடும்.

என்னிடம் வண்டி பழக வருகிற பெண்களில் விழப் பார்க்காதவள் ஒருத்திகூட இல்லை. அந்த நேரத்தில் பின்னாலிருந்து பிடிக்கத்தான் நான் இருக்கிறேன். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, 'எங்கள் பள்ளியில் யாரும் விழுந்ததில்லை' என்று போர்டு மாட்டினால் ஊர் சிரிக்காதா? நான் விழுந்துவிடுவேன் என்று நீங்கள் என் வண்டிச் சாவியை ஒளித்துவைத்ததும், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக வந்ததும் பழைய கதை. அதைக் கிளறக்கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன், முடியவில்லை.

உங்களை யார் நடக்கவைக்கிறார்கள், எப்போது, எவ்வளவு தூரம் என்று மேட்ரனிடம் கேளுங்கள். உருப்படியான பதில் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். கோபமாகத்தான் வருவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

ஸ்கூட்டர் டீச்சர்


மார்ச் 10

டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் சுருக்கென்று தைத்தது. நீ சொன்னது தப்பு என்று எழுதிப்போட வேண்டும் என்கிற ஆசையில்தான் மேட்ரனிடம் கேட்டேன்.

"பிசியோ வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்கய்யா. போன தடவை நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. இப்ப என்ன அவசரம்? யாராவது விழுந்தா போர்டை மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கெட்டவர் இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டிப்போவிலேயே நிறுத்திவைத்த பஸ்ஸுக்கு விபத்து எங்கிருந்து வரும்? கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தேன். கால் ஈரத்துணி மாதிரி துவண்டது. மணி அடித்தது, நர்ஸ் வந்து படுக்கவைத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன், மகனிடம் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை வா. கோபமாகவே வா.

நான்


மார்ச் 24

என் கோபக்காரிக்கு,

நீ வந்துபோனதிலிருந்து இங்கே ஒரே கலகலப்பு. நீ மேட்ரன் அறையில் குரலை உயர்த்தாமல், "இன்னைக்கு எத்தனை பேர் நடந்தாங்கன்னு ஏன் உங்க போர்டுல எழுதல?" என்று கேட்டதைத் தையல்காரர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நடித்துக் காட்டுகிறார். பிசியோ பெண் இப்போது தினமும் வருகிறாள். என் இடுப்பில் பட்டை கட்டிப் பிடித்துக்கொண்டு, "விழறதா இருந்தா என் மேல விழுங்கய்யா" என்கிறாள். குதிகாலும் புண்ணாகாமல் தப்பித்தது.

வியாழக்கிழமை விழுந்தேவிட்டேன். முழங்கால் மடங்கியதும் அவள் பட்டையை விடாமல் மெதுவாகத் தரையில் உட்காரவைத்தாள். மேட்ரன் முகம் வெளுத்து ஓடிவந்தார். டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றதும், நேரே போய்ப் பலகையை அழித்துவிட்டு வந்து, "இப்ப எனக்கே நிம்மதியா இருக்குங்கய்யா" என்றார். தரையில் உட்கார்ந்தபடியே நான் சிரித்த சிரிப்பில் தையல்காரருக்கு இருமல் வந்துவிட்டது.

இன்று காலை மாடிப்படி ஏறினேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழுவதும். மேலே ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். உடனே மகனுக்குப் போன் போட்டேன், முதியோர் இல்லப் பேச்சை அவன் மூட்டைகட்டிவிட்டான். சனிக்கிழமை என் வீட்டுக்குப் போகிறேன். தனியாகவே சமாளித்துக்கொள்வேன், உனக்குக் கவலை வேண்டாம்.

படியேறிய டிரைவர்


மார்ச் 27

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்ததும் வகுப்பைப் பாதியில் நிறுத்தி, வண்டி பழக வந்த பெண்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். மாடிப்படி வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். மீதியை அவர்களில் ஒருத்திதான் என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலைப் பார்த்துவிட்டு வந்தவுடன் என் முன்னறையைக் காலி செய்துவிட்டேன். நீங்கள் எழுந்திருக்காவிட்டால் இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், கட்டிக்கொண்ட பாவத்துக்கு வேறென்ன வழி என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடிவெடுத்தேன். அப்படி வந்திருந்தால் நீங்கள் நன்றிக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பீர்கள். நான் கடமைக்காகச் சிரித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

நல்லவேளை, இப்போது அந்த அவசியம் இல்லை. உங்களுக்கு என் உதவி வேண்டாம். உங்களைத் தூக்கி நிறுத்துகிற வேலையும் எனக்கு இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். சனிக்கிழமை இங்கே வருகிறீர்களா?

உங்கள் மனைவி