கூரை கழற்றிய ஹெரால்டு

திண்டுக்கல்,
நவம்பர் கடைசி ஞாயிறு.

அன்பு மகள் தேவதர்ஷினிக்கு அம்மா எழுதுவது.

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அந்தச் சுவீடன் குளிரில் நீயும் மாப்பிள்ளை எரிக் தம்பியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் அடித்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் காதில் விழாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுப் பவித்ரா இதைத் தன் போனில் படம் பிடித்து அனுப்புவாள், தாள் பின்னாலேயே தபாலில் வரும். பதறாமல் படி. அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. கண்ணுக்குள் அழுத்தமாம். மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். போன பார்வை திரும்பாது, இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுப் பிடித்து வைக்கப் பார்க்கலாம், எவ்வளவு காலம் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். ஓரமெல்லாம் இருட்டிவிட்டது, நடுவில் கொஞ்சம் தெரிகிறது. தட்டில் சோறு தெரியும், தட்டின் ஓரத்தில் வைத்த வெஞ்சனம் தெரியாது. நான் வைக்கவே இல்லை என்று கோபித்துக்கொள்வார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன், அதனால் சத்தியம் கித்தியம் எதுவும் இல்லை.

போன வாரம் நீ, உங்கள் ஊரில் ஒரு கார் கம்பெனி மூடிப்போய்விட்டது, அந்தக் கார்களை ஆட்கள் இன்னும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, அப்பா வேலை பார்த்த கம்பெனிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாய். அவர் சிரித்து மழுப்பிவிட்டார். நான் சொல்கிறேன். ஸ்டாண்டர்டு என்று பெயர். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரோட்டில் ஓடிய கார்களில் ஒன்று கல்கத்தாவில் செய்தது, ஒன்று பம்பாயில் செய்தது, நம் பக்கத்தில் செய்தது இது. அதிலே ஹெரால்டு என்று ஒரு வண்டி. டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருப்பார்கள். அதன் முன்பக்கம் மொத்தமும் கும்பிட்டு விழுவதுபோல முன்னால் சாயும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்ப்பான். நாங்கள் அதைப் பார்க்கவே கூட்டமாக நிற்போம். பிறகு கம்பெனிக்கு நேரம் சரியில்லை, காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச காலம் வேன் மட்டும் செய்தார்கள். எண்பத்தைந்தில் ஸ்டாண்டர்டு 2000 என்று நீளமாக, பளபளவென்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். அதை விற்க நம் ஊரில் ஒருவர் ஷோரூம் திறந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர்தான் உன் அப்பா. கழுத்தில் டை கட்டிய ரொனால்டை எங்கள் தெருவே எட்டிப் பார்த்தது. கார் கம்பெனி மாப்பிள்ளை என்று எங்கள் வீட்டில் ஒரே பெருமை. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்தான் இருந்தது என்பது தாலி ஏறிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தக் காரில் ஏறி உட்கார்ந்தால் இறங்க மனம் வராது. ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. வெளியே சீமைத் துரை, உள்ளே பழைய இன்ஜின் என்று பேசிக்கொண்டார்கள். பெட்ரோலைக் குடிக்கிறது என்றார்கள். அதற்குள் மாருதி சின்னதாக வந்து வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டது. பூட்டுக் கடைக்காரரும் வெங்காய மண்டிக்காரரும் வந்து, சுற்றிப் பார்த்து, கதவைத் திறந்து மூடி, அப்பா வாங்கிக் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு நேரே மாருதி வாங்கப் போவார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட முடியவில்லை, வண்டலூரிலிருந்து கார் வருவது நின்றது, பிறகு கடிதத்துக்குப் பதில் வருவதும் நின்றது, கடைசியில் தொழிற்சாலையே நின்றுவிட்டது. உன் அப்பா மட்டும் தினமும் போய் ஷோரூமைத் திறந்து, மிச்சம் நின்ற ஒரே ஒரு காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் நான் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவேன். கரண்டை வெட்டிவிட்டதால் விசிறி ஓடாது. நான்கு கதவையும் திறந்து வைத்துவிட்டுக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிடுவோம். வெயில் கண்ணாடி வழியாக வந்து சீட்டில் படுத்திருக்கும். வெளியே பஸ்ஸும் மாட்டு வண்டியும் போய்க்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் அவை நின்றுவிடும், நாங்கள் நகர ஆரம்பிப்போம். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வத்தலக்குண்டு தாண்டியாச்சு, மலை ஏறுகிறோம், காது அடைக்கிறதா என்று கேட்பார். எனக்கு நிஜமாகவே அடைக்கும். யூகலிப்டஸ் வாசம்கூட வரும். அவருக்கு வேலை போய்விட்டது என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவே இருக்காது. பிற்பாடு நிஜக் கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போனேன், அவ்வளவு நன்றாக இல்லை.

ஷோரூமைக் காலி செய்தபோது அந்தப் பெரிய காரை முதலாளி கொண்டுபோய்விட்டார். பின்கட்டில் யாரோ ஒரு டாக்டர் விட்டுப்போன பழைய ஹெரால்டு நின்றது, வேண்டுமானால் ஓட்டிக்கொண்டு போ ரொனால்டு என்றாராம். இவரும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். சம்பளமில்லாத வீட்டுக்குக் கார் வந்தால் எப்படி இருக்கும், நான் அழுத அழுகையில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. பேகம்பூர் மெக்கானிக் இஷாக் அண்ணன்தான் ஒரு வழி சொன்னார். அந்த வண்டியின் கூரை போல்ட்டில்தான் நிற்கிறது, கழற்றினால் திறந்த காராகிவிடும், கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம் என்றார். அவருடைய தம்பிதான் அதில் உட்கார்ந்த முதல் மாப்பிள்ளை. அதற்கப்புறம் நிக்காவா, முகூர்த்தமா, மாதா கோயில் கல்யாணமா, எல்லாவற்றுக்கும் நம் ஹெரால்டுதான். சனிக்கிழமை கூரையைக் கழற்றி ஆளுக்கொரு பக்கம் தூக்கிச் சுவரில் சாய்ப்பார்கள், திங்கட்கிழமை திரும்ப மாட்டுவார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பின் சீட்டின் சாய்மானத்து மேல் உட்கார வைத்து, நிலக்கோட்டை மல்லிகையால் வண்டியை மூடி, நடந்து வருகிறவர்களைவிட மெதுவாக அப்பா ஓட்டுவார். செய்த கம்பெனி செத்துப்போய்விட்டது, அது செய்த வண்டி உன்னை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தது. உனக்குத்தான் அந்தக் காரில் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காது. பாவாடையில் ஜிகினா ஒட்டிக்கொள்கிறது, பிள்ளைகள் கல்யாணப் பொண்ணு என்று கேலி பண்ணுகிறார்கள் என்று வாசலிலேயே புரண்டு அழுவாய். அப்புறம் காலம் மாறியது. ஜனங்களுக்குப் பெரிய பெரிய வெளிநாட்டுக் கார் கேட்டது. அப்பா ஒரு நாள் கூரையை மாட்டினார், அதற்குப் பிறகு கழற்றவே இல்லை, தார்ப்பாய் போட்டுவிட்டார். உன் கல்யாணமும் அங்கே ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு முடிந்தது. நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். அன்றைக்குச் சாயந்திரம் தார்ப்பாயை எடுத்துக் காரைத் துடைத்துவிட்டு மறுபடியும் மூடி வைத்தார். 

மூன்று நான்கு மாதத்துக்கு முன்னால், பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற பழனிக்குமார் என்ற கோயம்புத்தூர்க்காரர் வந்து ஹெரால்டை விலைக்குக் கேட்டார். தங்கமான மனுஷன், வாய்க்கு வாய் அம்மாங்க என்கிறார், அதனாலேயே அவரைத் திட்ட முடியவில்லை. பொங்கல் கழிந்ததும் எடுத்துப்போகச் சொல்லிவிட்டார் உன் அப்பா. ஏன் என்று கேட்டதற்கு, “கண்ணு தெரியாதவன் வீட்டுல காரு எதுக்கு. ஓட்டத் தெரிஞ்சவன்ட்ட போகட்டும்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஓட்டத் தெரிந்தவர்தானே வேண்டும் என்று அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. மரியாயின் சேனைக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் போனேன், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்லிவிட்டேன், அவர் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. சொல்லிக் கொடுத்தவள் ஜீவிதா என்று உன் வயதுக்காரி. பிரேக்கை அம்புட்டு ஏறி மிதிக்காதீங்கம்மா, அது உங்களை என்ன பண்ணுச்சு என்பாள். முதல் டெஸ்டில் தோற்றேன், இரண்டாவதில் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அப்பா தூங்கும் நேரம் பார்த்து இஷாக் அண்ணன் வந்து வந்து வண்டியை எழுப்பினார், பேப்பர் வேலைகளையும் முடித்துக் கொடுத்தார்.

போன ஞாயிறு, முதல் பூசைக்கும் முன்னால், நானும் இஷாக் அண்ணனும் கூரையைக் கழற்றி இறக்கினோம். சத்தம் கேட்டு அப்பா சட்டை போடாமல் வாசலுக்கு வந்தார். நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே போய்ச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, முன்பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்து, என் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதும் சோக்கை உள்ளே தள்ளு என்றார். நாற்பது வருட சம்சாரத்துக்கு அவ்வளவுதான் பாராட்டு.

நத்தம் ரோட்டில் போனோம். ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. தலைக்கு மேல் ஒன்றும் இல்லாததால் வானம் மொத்தமும் எங்களோடு வந்தது. சிறுமலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது, எங்கே மலை முடிகிறது, எங்கே மேகம் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஈர மண் வாசம், எங்கேயோ விறகு எரிகிற வாசம், பூக் கூடையோடு போன ஒரு வண்டி விட்டுப்போன வாசம். நான் ஓட்டுகிறேனா, வண்டி தானாகப் போகிறதா என்று எனக்கே சந்தேகம். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இதோ புளியமரங்கள் வரும், நிழல் விழும், அப்புறம் சின்னப் பாலம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் புளியமரங்களை வெட்டி ரோட்டை அகலப்படுத்தி எவ்வளவோ நாளாகிறது. ஆமாம், வந்துவிட்டது, நிழல் குளுகுளுவென்று இருக்கிறது என்று சொன்னேன். அந்தக் காலத்தில் அவர் என்னை வத்தலக்குண்டு தாண்டவைத்தார், நான் அவரைப் புளியமர நிழலில் கூட்டிப்போனேன், கணக்கு சரியாகிவிட்டது.

சிறுமலைப் பிரிவில் வண்டியை ஊர்ப் பக்கம் திருப்ப வேண்டும். ஒரே வளைப்பில் அந்த வண்டி திரும்பியபோது எனக்குக் கர்வம் வந்துவிட்டது. மலைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு கிளம்பினோம். வருகிற வழியில் அப்பா கை நீட்டி, முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியைத் தன் பக்கமாகத் திருப்பினார். பின்னால் வருவது எனக்குத் தெரியவேண்டாமா என்று கத்தினேன். “பின்னால வாரவன் ஹாரன் அடிப்பான். செத்த நேரம் எனக்குக் குடு” என்றார். ஓரமாக நிறுத்தினேன். கண்ணாடிக்குள் அவர் பார்த்தது காலியாகக் கிடந்த பின் சீட்டை. நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல் சொன்னார்: “ஊருப் பிள்ளைக அம்புட்டுப் பேரையும் மாலையும் கழுத்துமா இந்தக் கண்ணாடியிலதான் பாத்தேன். நம்ம புள்ளயப் பாக்கல.” அவ்வளவுதான். கண்ணாடியை எனக்கே திருப்பி வைத்துவிட்டுப் பழத்தை உரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் அழுதேன் தாயி. காற்றில் தூசி என்று சொன்னேன், அவரும் நம்பியது போல இருந்தார்.

அதனால் எழுதுகிறேன். நீ ஆபீசில் கையெழுத்துப் போட்டதைக் குறை சொல்லவில்லை, மாப்பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு, லீவு இல்லை என்று சொல்லாதே. கார் போவதா இருப்பதா என்பதை நீ வந்த பிறகு பேசிக்கொள்ளலாம், பழனிக்குமார் பொறுப்பார், அப்பாவின் கண் பொறுக்குமா என்று தெரியவில்லை. சென்னையிலிருந்து ரயில் ஏறினால் திண்டுக்கல்லில் இறங்காமல் கொடைரோட்டில் இறங்கு. நானும் அப்பாவும் காரோடு வந்து நிற்போம், உன்னை வைத்து ஓட்டிவரக் கொஞ்சம் தூரம் கிடைக்கும். லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓரமாகவே கூட்டிவந்துவிடுவேன், பயப்படாதே. சிவப்புப் பட்டு பீரோவில் இருக்கிறது, ஜாக்கெட்டைப் பிரித்துப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன், நீ கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய், போட்டோவில் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு வேட்டி பெல்ட்டோடு வாங்கியாகிவிட்டது. ஜிகினா ஒட்டும், ஒட்டட்டும்.

குளிரில் தலைக்குக் குல்லா இல்லாமல் வெளியே போகாதே. எரிக் தம்பிக்கு என் ஆசீர்வாதம். மாதா உங்கள் இருவரையும் கைவிடமாட்டாள். அப்பாவிடம் போனில் கண்ணைப் பற்றி மூச்சு விடாதே, வருகிறேன் என்று மட்டும் சொல். இப்போது அவருக்குத் தெரிகிற இடம் அந்தச் சின்னக் கண்ணாடி அளவுதான், ஆனால் அதில் ஒரு முகம் கொள்ளும். கொடைரோட்டில் நீ ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துக்கொள்ளட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா ஜெபமாலை