ஒன்றரை ஜல்லிக் குவியலில் நான்கு முட்டை

நசரத்பேட்டை
3-5-2025

அன்புள்ள பச்சையப்பா,

என் யார்டில் ஒன்றரை இன்ச் ஜல்லிக் குவியலின் ஓரத்தில் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருக்கிறது. ஆகவே பேசியபடி பத்தாம் தேதி யார்டைக் காலி செய்து உன்னிடம் ஒப்படைக்க முடியாது. மாதக் கடைசி வரை பொறு.

நேற்று லோடர் வாளியை இறக்கும்போது அந்தப் பறவை சுலைமான் முகத்துக்கு நேரே பாய்ந்தது. வண்டியை நிறுத்திக் குதித்தவன், "அண்ணாத்தே, கிட்ட வராதே! கல்லுனு மிதிச்சிடுவே, முட்டை கீது" என்று கத்தினான். முப்பது வருடமாக ஜல்லி விற்கிறேன், எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதே சாம்பல் நிறம்.

நீ என் போன் எண்ணைத் தடுத்து நான்கு வருடம் ஆகிறது. விலை பேசியதும் தரகர் வழிதான். அதனால் இதைச் சுலைமானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

லோகநாதன்

வேலப்பன்சாவடி
4-5-2025

லோகு,

நல்ல கதை. நாம் கூட்டாக இருந்தபோது கல்லூரிக் கட்டட ஆர்டருக்குப் போன லாரி, ஆக்சில் உடைந்து நிற்கிறது என்றாய். அதே லாரி மாங்காட்டில் வேறு பார்ட்டிக்கு இறக்கியதாக நாலு பேர் சொன்னார்கள். இன்று வரை நீ ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது முட்டையா?

சுலைமானுக்கு டீ கொடுத்துக் கேட்டேன். முட்டைதான் என்கிறான். உன்னிடம் சம்பளம் வாங்குகிறவன் வேறென்ன சொல்வான்?

பதினோராம் தேதி எனக்கு ஹாலோ பிளாக் மெஷின் வருகிறது. பத்தாம் தேதி சாவி வராவிட்டால் பேரம் முடிந்தது.

பச்சையப்பன்

நசரத்பேட்டை
6-5-2025

அன்புள்ள பச்சையப்பா,

பேரம் முறிந்தால் எனக்குத்தான் அடி. என் மகள் கவிப்பிரியா அம்பத்தூரில் மருந்துக் கடை வைக்க, உன் பணத்தை நம்பித்தான் இடம் பேசியிருக்கிறாள். இருந்தும் லோடரை அந்தப் பக்கம் விட மனம் வரவில்லை.

மத்தியானம் ஜல்லியில் கால் வைக்க முடியாத சூடு. அந்நேரம் தாய்ப்பறவை எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடுகிறது. தேங்கிய தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காருகிறது. காய்ந்ததும் மறுபடி போகிறது. தளம் போட்ட பிறகு சாக்கை நனைத்து நனைத்து விரிப்போமே, அதே வேலை. குஞ்சு பொரிய இருபத்தெட்டு நாளாம், செல்போனில் பார்த்தேன். கான்கிரீட் முழுதாக இறுகவும் நாம் சொல்லும் கணக்கு அதுதானே.

இன்னொன்று. அன்றைக்கு ஆக்சில் உடையவில்லை. மாங்காட்டுக்காரன் விலை கூட வைத்துக் கொடுத்தான், லாரியை அவனுக்கு அனுப்பிவிட்டேன். உன்னிடம் சொன்னது பொய். முட்டை பொய்யில்லை.

லோகநாதன்

வேலப்பன்சாவடி
8-5-2025

அன்புள்ள லோகு,

உனக்குச் சொல்லாமல் இன்று விடியற்காலை வந்தேன். கேட்டைத் தாண்டிப் பத்தடி வைக்கவில்லை, என் வழுக்கையை உரசிக்கொண்டு ஒன்று பறந்தது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடியதைத் தண்ணீர் லாரிக்காரன் பார்த்துவிட்டான். "இன்னா நைனா, எடம் வாங்க வந்த உன்னியே ஊட்டுக்குத் தொரத்துது?" என்று ஒரே சிரிப்பு.

திரும்பிப் போய் நின்று பார்த்தேன். முட்டையைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

ஆக்சில் விஷயத்தை அன்றே சொல்லியிருந்தால் ஒரு வாரம் திட்டிவிட்டு விட்டிருப்பேன். நான்கு வருடம் ஆக்கிவிட்டாய்.

மெஷினை ஜூனுக்குத் தள்ளிவிட்டேன். உன் எண்ணையும் திறந்துவிட்டேன்.

விலை தரகர் சொன்னதே. பாதிப் பணம் பத்தாம் தேதி கவிப்பிரியா கைக்கு வரும். மீதி, நான்காவது குஞ்சும் தன் காலில் நடந்து குவியலை விட்டுப் போன மறுநாள். அது போன செய்தியை நீயே போனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், தரகர் சொல்லக் கூடாது.

பச்சையப்பன்