பக்கவாட்டில் நகராத அம்பு

அண்ணே,

நேற்று உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் உங்கள் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். எது நெற்றி, எது கண் என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்குத்தான் தெரியாமல் போனது. அந்த வாசனை பட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். யோசித்துப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து அழகாக இருக்கும். அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் குருண் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவுக்கு ஒரு யூனிக்ஸ் கணினி வந்தது. நீங்கள் சூப்பர்வைசர். நான் சுங்கை லாலாங் தோட்டத்திலிருந்து பீடோங்கில் பஸ் மாறி வேலைக்கு வரும் புதியவள். வேலை நிரந்தரமாகுமா என்று தெரிய ஒரு வாரம்தான் இருந்தது. இல்லையென்றால் அம்மாவோடு மறுபடி ரப்பர் மரம் சீவப் போக வேண்டியதுதான்.

நீங்களோ மவுஸை வாலைப் பிடித்துத் தூக்குகிறவர். கணினிக்கு முன்னால் உட்காரவே பயம். ஆனால் மேனேஜர் உள்ளே நுழைந்தால் போதும், "நான் இருக்கேன் லா, பயப்படாதே" என்று என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வீர்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் திரையில் அம்பு மேலும் கீழும் மட்டும் போனது. பக்கவாட்டில் அசையவில்லை. வேலை நின்றது. மேனேஜர் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் மலாயில், "துவான், டியா சுடா காச்சாவ் செட்டிங்" என்றீர்கள். நான்தான் செட்டிங்கைக் கெடுத்தேனாம். நாளை மதியத்துக்குள் சரியாகாவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று மேனேஜர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் தேநீர் குடிக்கப் போனீர்கள்.

மவுஸ் எந்த இணைப்பில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் கோப்பைத் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது. கேபிளைக் கழற்றி மாட்டினேன். மறுநாள் காலையில் மவுஸ் அனுப்பும் எண்களை அப்படியே திரையில் ஓடவிட்டேன். பொத்தானை அழுத்தினால் எண் மாறியது. மேலே கீழே தள்ளினாலும் மாறியது. பக்கவாட்டில் தள்ளினால் வெறும் பூஜ்யம். செட்டிங் கெட்டிருந்தால் எதுவுமே வந்திருக்காதே!

மவுஸைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் காலத்து மவுஸுக்கு அடியில் இரண்டு கண்கள், ஒன்று மட்டும் சிவப்பாக எரிவது தெரியும். மவுஸ் ஓடும் கோடு போட்ட தகட்டில் ஒன்று மேல்கீழைப் பார்க்கும், மற்றது பக்கவாட்டைப் பார்க்கும். அந்தச் சிவப்புக் கண்ணில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். பூஜையன்று கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தது நீங்கள்தான். தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தேன். அம்பு திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது.

பஞ்சை உங்களிடம் காட்டினேன். "அண்ணே, நீங்க வெச்ச பொட்டுதான் மறைச்சிருக்கு."

"செவப்பா எரிஞ்சிச்சு, அதுதான் நெத்தின்னு வெச்சேன்," என்றீர்கள். பிறகுதான் சுற்றி நிற்கும் மற்ற ஊழியர்களைப் பார்த்தீர்கள். உடனே குரல் உயர்ந்தது. "சாமி காரியத்துல குத்தம் கண்டுபிடிக்கிறியா? வேதக்காரப் புள்ளதானே நீ! மன்னிப்பு கேளு லா!"

நான் கிறிஸ்தவப் பெண்தான், ஆனால் சந்தனத்தின் மேல் எனக்கு என்ன கோபம்? இரண்டு நாளைக்கு முன் பூஜையில் பொரிகடலை வாங்கித் தின்றவள்தானே நானும். உங்கள் முட்டாள்தனத்தைக்கூட மன்னித்திருப்பேன். அதை மறைக்கச் சாமியை இழுத்தீர்களே, அந்தக் கோழைத்தனம்தான் அருவருப்பு. கதவுக்கு வெளியே மேனேஜரின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. "சாரி அண்ணே" என்றேன்.

நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து அம்பை நகர்த்திக் காட்டி, "ஓகே துவான், சாயா சுடா பைக்கி" என்றீர்கள். நீங்கள் சரிசெய்துவிட்டீர்களாம்! உங்களுக்குப் பாராட்டு, எனக்கு வேலை.

அதற்குப் பிறகு எத்தனையோ கணினிகளைப் பார்த்துவிட்டேன். உங்களைவிடப் பெரிய மேலதிகாரிகளிடம் "தப்பு உங்களுடையது" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்லவில்லை. தப்பே செய்யாமல் கேட்ட அந்த ஒரு 'சாரி' இன்னும் உங்கள் கணக்கில் கடனாக நிற்கிறது. என்றாவது ஒருநாள் நேரில் வந்து அதைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்றிருந்தேன். கொடுக்காமலே போய்விட்டீர்கள்.