எட்டாம் வார்டின் கதவுகள்

ஜனவரி 9

எட்டாம் வார்டில் மறுபடியும் ஒழுகுகிறது. போன மழைக்குத்தான் பூசினோம். தலைமை நர்ஸ் வாளியைத் தூக்கிக் காட்டி, இது உங்க வாளிதான் சார், நீங்களே வெச்சுக்குங்க என்கிறார். என்னத்தைச் செய்ய? இந்த மனநல ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியே கட்டிடம்தான். என் அறை வாசலில் 'பராமரிப்பு இஞ்சினியர்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒட்டுப்போடுகிறவன் என்று வைத்திருந்தால் பெயின்டாவது மிச்சமாகியிருக்கும்.

தம்பி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தான். மீசை முளைத்த வயதில் வந்தவன், இப்போது தலை நரைத்துவிட்டது, இன்னும் அதே எட்டாம் வார்டு. தம்பிக்காகத்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தீர்களா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அப்படி இல்லை. நான் இங்கே இருக்கிறேனே, பார்த்துக்கொள்வேன் என்றுதான் அம்மா அவனை இங்கே கொண்டுவந்து விட்டாள்.

என்னைப் பார்த்ததும், கூரை இன்னிக்கும் அழுவுதா அண்ணா என்றான். நானாவது மாத்திரை போட்டா நிறுத்திடுவேன், அதுக்கு அதுவும் கேக்காது போல என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜனவரி 20

துறையிலிருந்து ஒரு குழு வந்தது. கட்டிடத்தைச் சுற்றிக் காட்டச் சொன்னார் கண்காணிப்பாளர். இந்தக் கட்டிடத்தைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது. மதிலை ஒட்டி உள்பக்கம் பள்ளம் எதற்கு என்று காட்டினேன். தெருவில் நின்று பார்த்தால் மதில் இடுப்பளவுதான், ஏதோ தோட்ட வீடு மாதிரி இருக்கும். உள்ளே மேட்டில் நிற்கிறவனுக்கும் மதிலுக்கு மேலே தெருவும் மரமும் தெரியும். ஓடலாம் என்று பள்ளத்தில் இறங்கினால் அதே மதில் இரண்டு ஆள் உயரம். சிறை என்பது யார் கண்ணிலும் படக்கூடாது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறான், கட்டினவன். பலே ஆள்.

பிறகு வார்டுக் கதவுகள். எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கும், உள்ளேயிருந்து கட்டிலை நகர்த்தி அடைக்க முடியாது. தாழ்ப்பாள் வெளியே மட்டும். உள்பக்கம் வெறும் பலகை, ஒரு பிடிகூடக் கிடையாது. நூறு வருஷத்துக்கு மேலாக இதுதான் வழக்கம், இன்றைக்கு ஒரு கதவு மாற்றினாலும் ஆஸ்பத்திரித் தச்சரும் நானும் இப்படித்தான் மாற்றுகிறோம் என்று பெருமையாகவே சொன்னேன்.

குழுவில் ஒருவர் காரில் ஏறும்போது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். ஆஸ்பத்திரியை மூடப் போகிறார்களாம்.

ஜனவரி 21

மழைக்காலத்துக்கு முன்னால் எல்லாரும் காலி செய்ய வேண்டும். வீட்டில் ஏற்றுக்கொண்டால் வீட்டுக்கு. இல்லாதவர்கள் புதிதாகக் கட்டியிருக்கிற மறுவாழ்வு இல்லத்துக்கு. அது எங்கேயோ இருக்கிறது, பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும்.

தினமும் பார்க்கிற தம்பி. ஒரு நாள் பார்க்காவிட்டால் எனக்கு டீ இறங்காது. அங்கே அனுப்பிவிட்டு நான் யார் முகத்தைப் பார்ப்பேன்? வேண்டாம், அது நடக்கக்கூடாது.

ஜனவரி 23

தம்பியை நம் வீட்டுக்கே கூட்டிவந்துவிடலாம் என்று இவளிடம் சொன்னேன். மூன்று தினுசாகச் சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன், ஒன்றும் தேவைப்படவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம், பின்கட்டு ரூம்ல இருக்கற தட்டுமுட்டு சாமானை எங்க போடப்போறீங்க என்றாள். அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து இவளை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ?

பிப்ரவரி 2

முதலில் பதினைந்து நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். ஒத்துவந்தால் அப்படியே இருக்கட்டும். ஆனால் தம்பியின் இஷ்டம்தான் முக்கியம், நாம் யாரும் தள்ளிவிட முடியாது என்றார்.

தம்பியிடம் ரூமைப் பற்றிச் சொன்னேன். ஜன்னல் பெரிது, உட்கார்ந்தபடியே தெரு தெரியும் என்றேன். வெள்ளையடிக்கப் போகிறேன் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கதவு எப்படி என்று கேட்டான். பழசு செல்லரித்துவிட்டது, புதுசு போடுகிறோம், நல்ல தேக்கு என்றேன். சரி அண்ணா என்றான். சலவைக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டானாம், வீட்டுக்குப் போகிறேன் என்று.

பிப்ரவரி 11

கதவு மாட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் தச்சர் வந்து போட்டுக் கொடுத்தார். தம்பிக்கா, கூலி வேண்டாம் என்றுவிட்டார். நானும் கூட நின்று நிலையைப் பிடித்துக்கொண்டேன். விரலால் தள்ளினால் போகிறது, ஒரு முனகல் இல்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு கதவு நாங்கள் போட்டதில்லை.

இவள் வந்து பார்த்தாள். நல்லாருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 16

வந்துவிட்டான்! புதுச்சட்டை. வாசலில் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். இவள் வாங்கி வைத்தாள். அண்ணி, நான் ரொம்ப சாப்பிடுவேன், முன்னாடியே சொல்லிட்டேன் என்றான். இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டான். நான் என் தட்டைத் தொடாமல் அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ரூமைக் காட்டக் கூட்டிப்போனேன். ஜன்னலைப் பார்க்கவில்லை. வெள்ளையைப் பார்க்கவில்லை. நேராகக் கதவிடம் போனான். உள்பக்கம் மேலிருந்து கீழ்வரை கையால் தடவினான். அப்புறம் வெளியே வந்து, தாழ்ப்பாளைப் பார்த்தான். போட்டுப் பார்த்தான், எடுத்துப் பார்த்தான்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. தாழ்ப்பாள் வெளியே. உள்ளே வெறும் பலகை.

சத்தியமாக நினைத்துச் செய்யவில்லை. நானும் தச்சரும் கதவு போட்டோம், அவ்வளவுதான். எங்கள் கைக்கு வேறு கதவு தெரியவில்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்ல வாயெடுத்தேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

பிப்ரவரி 17

காலையில் கடை திறந்ததும் ஓடிப்போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கிவந்து உள்ளே போட்டேன். வெளியே இருந்ததைப் பிடுங்கினேன். திருகாணி ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. பாரு, சரியாயிடுச்சு, இனிமே நீயே போட்டுக்கலாம் என்றேன். குழந்தைக்குப் பொம்மையைக் காட்டுகிறவன் மாதிரி இழுத்து இழுத்துக் காட்டினேன். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அண்ணா, நான் மட்டும்தான் அங்க இருந்தேன்னு இத்தனை நாளா நெனச்சிட்டு இருந்தேன். நீயும் அங்கதான் இருந்திருக்க."

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"ராத்திரி நான் தூங்கல. நீ வந்த. வெளிய நின்ன. தாழ்ப்பாள் மேல கைய வெச்ச. எனக்குக் கேட்டுச்சு."

ஆமாம். வந்தேன். இந்த நோட்டில் யாரிடம் மறைக்கப்போகிறேன்? எழுந்து போய் நின்றேன். கை வைத்தேன். போடவில்லை. போடவே இல்லை. ஆனால் எதற்குப் போனேன்? அவன் எழுந்து எங்கேயாவது போய்விட்டால் என்று — இல்லை, அதுவும் பொய். பயம். என் சொந்தத் தம்பி, ஒரு எறும்பைக்கூட மிதிக்காதவன், அவன் பக்கத்து ரூமில் படுத்திருந்தது எனக்குப் பயமா இருந்துச்சு. கை தானா அங்க போயிடுச்சு. சீ.

பிப்ரவரி 18

இவளிடம் கேட்டேன், நீயாவது கதவைப் பார்த்த அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். பெரிய சண்டை. கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள்.

"நீங்க வேணும்னுதான் அப்படி வெச்சீங்கன்னு நெனச்சேன். எனக்கும் அது நிம்மதியா இருந்துச்சு. போதுமா?"

போதும்.

பிப்ரவரி 19

போகிறேன் என்றான், திரும்பக் கொண்டுபோய் விட்டேன். இன்னும் ரெண்டு நாள் இரு, ஒரே ஒரு நாள் இரு என்று கெஞ்சினேன். இவள் வாசலில் நின்று, போகாதீங்க தம்பி என்றாள். வரேன் அண்ணி, சாப்பாடு பிரமாதம் என்றான். வழியெல்லாம் என்னோடு நன்றாகத்தான் பேசினான்.

வார்டுக்குள் போனதும், வெளியே தாழ்ப்பாளைப் போடச் சொல்லி நர்ஸுக்குக் கையைக் காட்டிவிட்டு, கதவின் விளிம்பைப் பிடித்து இழுத்துச் சாத்திக்கொண்டான்.

மார்ச் 3

டாக்டரைப் பார்த்தேன். ரெண்டு தரம் கேட்டுட்டோம், மத்தவங்களோட புது இடத்துக்கே போறேன்னு சொல்லிட்டார் என்றார். காரணம் கேட்டீர்களா? கேட்டாராம். எங்க அண்ணனுக்குக் கஷ்டம் வேண்டாம் என்றானாம்.

கஷ்டமாம். எனக்கு.

மார்ச் 11

தச்சரிடம் சொன்னேன். மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என் கைய வெட்டிப் போடணும் சார் என்றார். ரெண்டு பேர் கையும்தான் என்றேன்.

மார்ச் 19

நடைமுற்றத்தில் அவனோடு நடந்தேன். வட்டமான முற்றம், சுற்றிச் சுற்றி நடக்கலாம், எங்கேயும் போய்ச் சேராது. கடைசித் தடவையாகக் கேட்கிறேன், வந்துவிடு என்றேன். வேறு வீடு பார்க்கிறேன், அதில் நான் கை வைக்கவே மாட்டேன் என்றேன். அவன் சிரித்துவிட்டான். வீடு நல்ல வீடுதான் அண்ணா என்றான். அப்புறம், உடம்ப பாத்துக்கோ, எளச்சிட்ட என்றான்.

நான் அவனுக்குச் சொல்ல வேண்டியதை அவன் எனக்குச் சொல்கிறான்.

மார்ச் 28

பஸ் போய்விட்டது.

மார்ச் 29

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். எழுதாமல் இருக்க முடியவில்லை, நேற்று ஒரு வரிக்கு மேல் கை ஓடவில்லை. எல்லாரும் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு, சொன்ன இடத்தில் சொன்னபடி உட்கார்ந்திருந்தார்கள். வழியனுப்ப வந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு யாரும் வரவில்லை. அதனால் பஸ் கிளம்பும்போது எல்லாரும் எனக்கே கையாட்டினார்கள். அதில் அவன் கை எது என்று பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

காலி வார்டில் போய் உட்கார்ந்து அழுதேன். வெளியே போய்விட்டு வந்து இன்னும் ஒரு தரம் அழுதேன்.

ஏப்ரல் 14

அங்கே போன் செய்தேன். குளிக்கிறாராம்.

ஏப்ரல் 22

போன் செய்தேன். தூங்குகிறாராம். காலை பதினொரு மணிக்கு.

மே 5

நேரிலேயே போனேன். புத்தம்புதுக் கட்டிடம். டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், ஜன்னல்கள் எல்லாம் கண் மட்டத்தில். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே எனக்குக் குறையாக இருந்தது. தோட்டத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். நிறம் கூடியிருக்கிறான். நன்றாகத்தான் பேசினான் — மழை, தண்ணீர், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா. வெளியூரிலிருந்து வந்த ஒருவரிடம் பேசுகிற மாதிரி. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகுது பாரு என்று அவனே நினைவுபடுத்தினான்.

பஸ்ஸில் பக்கத்து ஆள், என்ன சார் உடம்பு சரியில்லையா என்றான். ஆமாம் என்றேன்.

மே 30

பின்கட்டு ரூமை இவள் பூட்டியே வைத்திருக்கிறாள். நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12

பழைய கட்டிடத்தை இடிக்கவில்லை. சரித்திர முக்கியத்துவம் வந்துவிட்டதாம் அதற்கு. எட்டாம் வார்டை மட்டும் இருந்தபடியே வைத்து, மற்றதை ஆபீசாக மாற்றுகிறார்கள். பார்வையாளர்களுக்குக் காட்டி விளக்கம் சொல்ல ஆள் வேண்டும், உங்களைவிட யாருக்குத் தெரியும் என்றார் கண்காணிப்பாளர். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்தது.

கட்டில்களுக்கு விரிப்பு போட்டேன். கூரையையும் ஒருவழியாகச் சரி செய்துவிட்டார்கள். மனுஷர்கள் இருந்தவரை அதற்குப் பணம் கிடைக்கவில்லை.

அக்டோபர் 6

இன்று நல்ல கூட்டம். மதில், பள்ளம், கதவு எல்லாம் சொன்னேன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். வயதான ஒரு அம்மா மட்டும் எடுக்கவில்லை. தம்பியின் கட்டில் ஓரத்தில் நின்று, விரிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

"இங்க இருந்தவங்கல்லாம் இப்ப எங்கப்பா?"

"வீட்டுக்குப் போயிட்டாங்கம்மா. எல்லாரையும் அவங்கவங்க வீட்ல வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

நல்லதாப் போச்சு என்றார்கள். நான் அடுத்த கூட்டத்தை உள்ளே வரச் சொன்னேன்.