குருணை போடாத பட்டம்

அத்தை,

மேனாம்பேட்டில் என் தெருமுனைக் கடையில் நேற்று ஒரு பெண், “கோழிக்குக் குருணை குடுப்பா, அரை கிலோ” என்று கேட்டாள். கடைக்காரர் நொய்யரிசியை நிறுத்துக் காகிதத்தில் கொட்டினார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அழுகிய பூண்டைப் போல ஒரு நாற்றம் என் மூக்கில் ஏறியது. கடையில் அப்படி எதுவும் இல்லை. அது உன் வீட்டு மூலையில் இருந்த குருணை மருந்தின் நாற்றம்.

நசரத்பேட்டையில் குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் விதைக்கும்போதெல்லாம், வேரைத் தின்னும் புழு சாகட்டும் என்று அதை மண்ணில் தூவுவாய். பார்க்க அரிசிக் குருணை மாதிரியே இருக்கும் என்பதால் எல்லோரும் அதற்கு அந்தப் பெயரையே வைத்திருந்தார்கள். பெயர் பழகியதால் பயம் போய்விட்டது. அரிசி அளக்கும் படியாலேயே அதையும் அள்ளினாய். “கழுவிட்டா போச்சு, போடீ” என்றாய்.

ஒரு விதைப்புப் பட்டத்தில் அதைத் தூவிவிட்டு வரப்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. எச்சில் ஒழுகியது, கை உதறியது, கண்ணின் கருமணி கடுகாகச் சுருங்கியிருந்தது. பிழைத்து வந்தாய். இன்னொரு முறை இதைத் தொடாதே என்று சொல்லித்தான் டாக்டர் உன்னை அனுப்பினார்.

அடுத்த பட்டம் வந்தது. நிலத்துக்காரர் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: “குருணை போடாம வெதச்சு பயிரு போச்சுன்னா, அடுத்த தபா வேற ஆளுக்கு வுட்டுருவேன். அப்பால என்னாண்ட வந்து அழக்கூடாது.” உனக்கு வேறு நிலம் இல்லை, வேறு வேலையும் தெரியாது.

நான் அப்போதுதான் விலங்கியல் படித்து முடித்திருந்தேன். நம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். சாணி தட்டிக்கொண்டிருந்த உன் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் சொன்னேன், மண்ணில் புழு இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம் என்று. முளைகட்டிய சோளத்தைப் பிடிபிடியாக அங்கங்கே புதைத்துக் குச்சி நட்டு வைப்போம், புழு இருந்தால் தின்ன வரும் என்றேன்.

“இன்னாடீ, புழுவுக்குப் பந்தி வைக்கிறியா? மொய் எழுதுமா அது?” என்று சிரித்தாய். ஆனால் சோளத்தை நீயே ஊறப் போட்டாய்.

சில நாள் கழித்துத் தோண்டினோம். நிலமெங்கும் அநேகமாக ஒன்றுமில்லை. கிழக்கு மூலையில் மட்டும் வெள்ளை வெளேரென்று கொழுத்த புழுக்கள் சுருண்டு கிடந்தன. போன வருஷம் மக்காத சாணியைக் கொட்டி வைத்த இடம் அது. அந்த மூலையை மட்டும் திரும்பத் திரும்ப உழவைத்தாய். கொக்கும் மைனாவும் ஏருக்குப் பின்னாலேயே நடந்தன. குருணை இல்லாமலே விதைத்தோம்.

பயிர் விரலளவு நின்றபோது ஒரு காலையில் போய்ப் பார்த்தால், கத்தரித்துப் போட்ட மாதிரி இளஞ்செடிகள் சாய்ந்து கிடந்தன. நிலத்துக்காரர் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

“பட்டம் வாங்குன பொண்ணுக்கு பட்டம் பாத்து வெதைக்கத் தெரியுமா? எவ சொன்னா குருணை வாணாம்னு?”

நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“நாந்தான் வாணான்னேன்,” என்றாய். “போனா ஏம் பயிரு. இன்னும் போகல.”

குனிந்து, அறுந்த தண்டின் அடியில் விரலால் கிளறினாய். கறுப்பாய் ஒரு வெட்டுப்புழு சுருண்டு விழுந்தது. பகலில் மண்ணுக்குள் கிடக்கும், இருட்டினால் மேலே வந்து தண்டை வெட்டும் என்று நான் உன்னிடம் முணுமுணுத்தேன். நீ அதை அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாய்.

அன்று முதல் சாயங்காலங்களில் புல்லைப் பிடுங்கிச் சின்னச் சின்னக் குவியலாகப் போட்டோம். விடிந்ததும் தூக்கினால் அடியில் ஒளிந்திருந்த புழுக்கள் கிடைக்கும். பழைய டப்பாவில் சோப்புத் தண்ணீர். அதில் பொறுக்கிப் போட்டோம். ஒவ்வொரு விடியலிலும் எத்தனை சாய்ந்திருக்கிறது என்று எண்ணுவேன். நீ டப்பாவோடு முன்னால் நடப்பாய். சாய்வது குறைந்தது, பிறகு நின்றது. விட்டுப்போன குழிகளில் மறுவிதை போட்டோம். கிழக்கு மூலை கடைசிவரை சொட்டையாகத்தான் நின்றது. மற்ற இடமெல்லாம் கதிர் பிடித்தது. நிலத்துக்காரர் ஒரு கதிரை உரித்துப் பார்த்துவிட்டு, “சரி, அடுத்த தபாவும் நீயே வெத” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கேட்டேன், “என்னை எப்படி அத்தே நம்புனே?”

“உன்ன யாரு நம்புனா? குருணைக்கு ரொம்ப பயந்தேன். உனக்குக் கொஞ்சமா பயந்தேன். அவ்ளோதான்.”

நீ கண்ணை மூடிய பிறகு, திருமழிசைப் பக்கம் விவசாயம் செய்யும் பெண்களோடு பேசுவதே எனக்கு வேலையாகிவிட்டது. இன்னும் கூட்டத்தில் குரல் நடுங்குகிறது. என்னை நம்புங்கள் என்று யாரிடமும் சொல்வதில்லை. பயந்துகொண்டே வருகிறவளை நிலத்துக்குக் கூட்டிப்போய், பக்கத்தில் உட்கார்ந்து, “வா, தோண்டிப் பாக்கலாம்” என்கிறேன்.