பன்னிரண்டாவது நிமிடத்து நான்கு விநாடி

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம், அண்ணி நலம், கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கும் மெஷின் மட்டும் நாலு நாளாக முனகிக்கொண்டிருக்கிறது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, எதுவானாலும் எழுது என்று சொன்னவள் நீ. அந்தச் சொல்லைக் காப்பாற்ற நான் இன்று பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு தரம் போனை எடுத்துவிட்டு வைத்தேன்.

உட்கார்ந்துகொண்டு படி. நாம் மூன்று பேரும் அந்தக் காலத்தில் சண்டை போட்டு மாற்றி மாற்றிப் படிப்போமே, அந்த இசைப் பத்திரிகை, அதில் இந்த மாதம் ஒரு பட்டியல் வந்திருக்கிறது. ப்ரோக்ரஸிவ் ராக்கில் வாசகர்களுக்கு மிகவும் பிடித்த ஐம்பது குரல் ஹார்மனிகள். எப்போது பார்த்தாலும் இருபது நிமிடப் பாட்டு, கீபோர்டு, விரல் தெரியாத வேகத்தில் கிடார் என்றே எழுதுவார்கள். முதல் முறையாக, இரண்டு மூன்று பேர் வேறு வேறு சுரத்தில் சேர்ந்து பாடுவதற்கென்று ஒரு பட்டியல். சாப்பாட்டு வேளையில் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஐம்பதிலிருந்து மேலே படித்துக்கொண்டு வந்தேன். பதினொன்றாம் இடத்தில் சோறு தொண்டையில் நின்றுவிட்டது.

பதினொன்று நாம்தான். "ஒன்பதாம் மாடி" குழு, பாட்டு "ஈரக் கூரை", நீளம் பத்தொன்பது நிமிடம். நான் பேஸ் கிடார், நெட்டையன் டிரம்ஸ், நீ நடுக்குரல். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் முந்நூறு கேசட் போட்டு, பாதியை நாமே தெரிந்தவர்களுக்குக் கொடுத்தோம். அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போயிற்றோ, கடவுளுக்கே வெளிச்சம்.

எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "பன்னிரண்டாவது நிமிடத்தில் பேஸ் இறங்குகிறது. மேல்குரலும் கீழ்க்குரலும் கூடவே இறங்குகின்றன. நடுக்குரல் மட்டும் இறங்க மறுத்து நான்கு விநாடி அங்கேயே நிற்கிறது, பிறகு மெல்ல வந்து சேருகிறது. இதை யோசித்து வைத்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்."

அந்த நடுக்குரல் நீ. ஏப்ரல் 12 மாலை பத்திரிகைக்காரர்கள் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். ஆறு குழுக்களை அழைத்திருக்கிறார்கள், நம்மையும். நெட்டையன் தன் டயர் கடையில் நின்றபடியே சம்மதம் சொல்லிவிட்டான். நீ வர வேண்டும். உடனே பதில் போடு.

மாப்பிள்ளைக்கும் சின்னதுக்கும் என் அன்பு.

உன் அண்ணன்


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். உன் கடிதத்தோடு வந்த பத்திரிகைப் பக்கத்தை நீச்சல் குளத்தின் கரையில் நின்றபடி படித்தேன். தண்ணீருக்குள் பதினான்கு பிள்ளைகள், என் வாயில் விசில். ஊத மறந்துவிட்டேன். பாவம், நிற்கச் சொல்ல ஆளில்லாமல் இரண்டு சுற்று கூடுதலாக நீந்தினார்கள்.

சந்தோஷம் இல்லை என்று சொன்னால் அது பொய். வீட்டுக்கு வந்து இவரிடம் காட்டினேன். "இத்தனை வருஷமா நீ பாடுவேன்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். மூன்றாம் இடத்தைப் பற்றி எனக்கு வழக்கு உண்டு. ஐந்து பேர், கருவி எதுவும் இல்லாமல், ஆளுக்கொரு வரியாக ஆரம்பித்து ஒரே சொல்லில் வந்து முட்டுவார்களே, அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். முதலிடத்தில் இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாக் குரலும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி. நீ இதை ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

ஆனால் அண்ணா, நீ உன் வசதிக்கு மறந்துவிட்ட ஒன்றை நான் நினைவுபடுத்துகிறேன். யாரோ கைகுலுக்க ஆசைப்படும் அந்த நான்கு விநாடிக்காகத்தான் அன்று நீ என்னைப் பார்த்துக் கத்தினாய். ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருந்தார். நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். "உனக்குக் காதே இல்லை, ரெண்டு மாச உழைப்பைக் கெடுத்துட்டே" என்றாய். ஆறு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், திரும்பப் பாட நேரமில்லை. அப்படியே கேசட்டில் போட்டோம். அப்பா வரும் வழியில், "விடும்மா, உனக்கு வேற எவ்வளவோ வரும்" என்றார். நீச்சல் வந்தது.

எனக்கு அப்போது வயது பத்தொன்பது. அன்றிலிருந்து குளியலறையில்கூட நான் பாடியதில்லை. சின்னது போன வருஷம் பாட்டு வகுப்புக்குப் போகிறேன் என்று அடம் பிடித்தாள். நம் வீட்டில் காது கிடையாது, வீணாக ஏன் அவமானப்பட வேண்டும் என்று நான்தான் தடுத்தேன்.

இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அந்தப் பகுதியை எத்தனை நாள் பழகினேன். பேஸ் அந்த இடத்தில் நிற்பதாகத்தான் என் ஞாபகம் சொல்கிறது. கேசட்டில் இறங்குகிறது. என் காது அவ்வளவு மோசமா?

நான் வரவில்லை. நீங்கள் இருவரும் போய்ப் பாடிவிட்டு வாருங்கள். கோபமில்லை.

உன் தங்கை


பிப்ரவரி 19

வாலு,

வரவில்லை என்று எழுதிவிட்டு மூன்றாம் இடத்துக்கு வழக்காடுகிறாய். அந்த ஒரு பத்தியை நெட்டையனுக்குப் படித்துக் காட்டினேன். "அவ வந்துட்டாடா, பெட்டி மட்டும்தான் இன்னும் வரல" என்றான்.

மூன்றாம் இடத்தைப் பற்றி நீ சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆச்சரியப்படாதே.

நீ வராவிட்டால் என்ன செய்வது என்று, கடையில் கண் பரிசோதிக்கும் அம்மாவைக் கூப்பிட்டோம். நல்ல குரல், சுத்தமான சுரம். ஞாயிற்றுக்கிழமை டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் மூன்று பேரும் பாடினோம். பன்னிரண்டாவது நிமிடத்தில் அவர் எங்களோடு சேர்ந்து ஒழுங்காக இறங்கினார். இலக்கணப்படி எல்லாம் சரி. நெட்டையன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "இதை யாருடா பட்டியல்ல போடுவான்?" என்றான். அந்த அம்மாவே, "சார், இந்த இடத்துல ஏதோ இருந்துச்சே, காணோமே" என்றார்.

இருந்தது நீ. நிஜமாகச் சொல்கிறேன், அந்தப் பழைய கேசட்டை இந்த வாரம் முப்பது தரம் கேட்டிருப்பேன். ஒவ்வொரு தரமும் அந்த இடம் வரும்போது லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறேன். நேற்று ஒருவருக்கு இடது கண் பவரை வலது கண்ணில் வைத்து அரைத்துவிட்டேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. நேரில் சொல்கிறேன். கடிதத்தில் எழுத வரவில்லை.

அண்ணன்


பிப்ரவரி 27

அண்ணாவுக்கு,

நெட்டையனிடம் சொல், பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று.

நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு முன், குளத்தில் யாரும் இல்லை. சும்மா ஒரு வரி பாடிப் பார்த்தேன். கத்திக் கத்திக் குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. குளத்துக்கு மேலிருக்கும் கூரை ஒரு வரியை வாங்கி மூன்றாகத் திருப்பித் தருகிறது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். பிறகு மறுபடி பாடினேன். மறுநாள் சின்னதையும் கூட்டிக்கொண்டு போனேன். மேல்குரலை ஒரு தரம்தான் சொல்லிக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். என் குரலும் அவள் குரலும் தண்ணீர்மேல் சேர்ந்து போயின. காவல்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

வருகிறேன், அண்ணா. ஏழு நாள் லீவு சொல்லிவிட்டேன். இவரும் சின்னதும் நிகழ்ச்சிக்கு வருவார்கள்.

ஆனால் ஒரு சங்கடம். அந்தத் தப்பு எனக்கு வரமாட்டேன் என்கிறது. கேசட்டைப் போட்டுக் கூடவே பாடினால், பேஸ் இறங்கும்போது நானும் இறங்கிவிடுகிறேன். பிடிவாதமாக நின்றால் குரல் பிடிவாதமாகவே கேட்கிறது, அந்தக் கேசட்டில் இருக்கிற நிம்மதி இல்லை. அன்று இருபதடி தள்ளி அப்பா பார்த்துக்கொண்டிருக்க, எந்தக் கவலையும் இல்லாமல் நான் அங்கே நின்றிருக்கிறேன். எப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

உன்னிடம் பதில் இருக்கிறது என்றாய். நேரில் வேண்டாம். நேரில் நீ பேச்சை மாற்றிவிடுவாய், நானும் விட்டுவிடுவேன். எழுது.

உன் தங்கை


மார்ச் 6

வாலுக்கு,

நீ பாடிய செய்தியை அண்ணியிடம் மூன்று தரம் படித்துக் காட்டினேன். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுத மாட்டேன்.

நீ தப்பாகப் பாடவில்லை.

நீ பழகுவதற்கு நான் கொடுத்த கேசட்டில் பேஸ் அந்த இடத்தில் நான்கு விநாடி நிற்கும், பிறகுதான் இறங்கும். கருவிகளைப் பதிந்து முடித்த பிறகு, குரல் பதிவுக்கு நாலு நாள் முன்னால் எனக்கு வேறொன்று தோன்றியது. பேஸ் முன்பே இறங்கும்படி மாற்றிப் பதிந்தேன். நெட்டையனிடம் சொன்னேன். உன்னிடமும் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனி டிராக்கில் பதியும் அந்த ஒலிநாடாவில் பழைய பேஸ் ஐந்தாவதில் இருந்தது, புதியது ஆறாவதில். நானும் நெட்டையனும் முந்தின நாளே ஆறாவதைக் கேட்டுப் பாடிவிட்டோம். மறுநாள் நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றபோது, உனக்குப் பேஸைத் திறந்துவிட்டவன் நான். ஐந்தாவது பட்டனை அழுத்தினேன். உன் காதில் விழுந்ததற்கு நீ ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் பாடினாய். மூன்று குரலையும் புதிய பேஸையும் சேர்த்துப் போட்டபோதுதான் முட்டிற்று.

இது எனக்கு எப்போது தெரிந்தது என்றுதான் அடுத்துக் கேட்பாய். ஒன்பது நாள் கழித்துத் தெரிந்தது. நாடாவைப் பிரித்து வைக்கும்போது என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அப்பா முன்னால் அப்படிக் கத்திவிட்டு, தப்பு என்னுடையது என்று வந்து நிற்க எனக்கு முகம் இல்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். அப்புறம் நீ பாடுவதையே விட்டுவிட்டாய். அதற்குமேல் சொல்வது இன்னும் பயமாகிவிட்டது. அப்பாவும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். நீ பழகிய கேசட்டை, வேறு எதற்கோ வேண்டும் என்று உன்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேனே, அது எதற்கும் வேண்டியிருக்கவில்லை. நீ கேட்டுவிடக் கூடாது என்றுதான் வாங்கினேன்.

சின்னதைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பாததைப் படித்த அன்று எனக்குக் கடை திறக்கவே மனம் வரவில்லை.

அந்தக் கேசட்டை இத்துடன் அனுப்புகிறேன். உன்னிடம் ஹெட்போன் மாட்டும் பிளேயர் இருக்காது, என்னுடையதையும் வைத்திருக்கிறேன். ஹெட்போனில் இதைக் கேட்டுப் பாடு. மேடையிலும் உன் காதுக்கு மட்டும் இதையே கொடுக்க நெட்டையன் ஏற்பாடு செய்வான். அந்த நிம்மதி தானாக வரும். நீ வராவிட்டாலும் அதை நீயே வைத்துக்கொள், அது உன்னுடையது.

அண்ணன்


மார்ச் 20

அண்ணாவுக்கு,

பொட்டலம் வந்து ஐந்து நாள் ஆயிற்று. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். முதல் நாள் எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அதை நீ படித்திருந்தால் இந்த ஜென்மத்துக்கு நமக்குள் பேச்சு இருந்திருக்காது.

நேற்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடினேன். பேஸ் நின்றது, நானும் நின்றேன். அது இறங்கியது, நானும் இறங்கினேன். கொஞ்சம்கூட முயற்சி இல்லை. சின்னது நம் பழைய பாட்டை வீட்டு டேப்பில் மெல்லப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, அப்படியே அதே குரல்மா" என்றாள். எனக்குக் காது இருக்கிறது, அண்ணா. எப்போதும் இருந்திருக்கிறது. அடுப்படியில் நின்று அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன், இவர் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். திங்கட்கிழமை முதல் சின்னது வகுப்புக்குப் போகிறாள்.

உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எதில் கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கத்தியதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். கேசட்டைத் திரும்ப வாங்கினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாக இருக்கும்.

ஆனால் ஏப்ரல் 12க்கு நான் வராமல் இருக்க மாட்டேன். பதினோராம் இடம் என்னுடையது. அதை உனக்காக விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

மேடையில் உன் புதிய பேஸையே வாசி. கேட்க வருகிறவர்களுக்கு அந்த முட்டல்தான் வேண்டும், எனக்கும் இப்போது அது பிடித்திருக்கிறது. அதற்கு முன் ஒரே ஒரு தடவை, அந்த ஷெட்டில், நாம் மூன்று பேர் மட்டும் இருக்கும்போது, நீ பழைய பேஸை வாசிக்க வேண்டும். ஹெட்போன் வேண்டாம். நீ வாசி, நான் பாடுகிறேன். நான் சரியாகப் பாடுவதை நீ ஒரு தடவை முழுசாகக் கேட்க வேண்டும். மன்னிப்பெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

நிகழ்ச்சிக்கு முந்தின சனிக்கிழமை காலை பத்து மணி ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு நெட்டையன் வரட்டும். நீ ஷெட்டில் சுருதி சேர்த்துவிட்டு உட்கார்ந்திரு.

உன் தங்கை