மலைக்குப் போன அம்மா

1986 ஜூன் 3, செவ்வாய்

படத்தில் முதலில் கண்ணில் பட்டது அந்த அம்மாவின் கால். செருப்பு இல்லை. அப்புறம்தான் கையில் கூடை, பின்னால் மலை, வாசலில் அழும் பிள்ளை.

காலையிலிருந்து மழை. ஹட்டன் மாதா கோயில் மண்டபத்தில் கொழும்பிலிருந்து வந்த மிஸ் கம்பியூட்டர் வைத்திருக்கிறார்கள். டீவி மாதிரி பெட்டி, தட்டுவதற்கு எழுத்துப் பலகை, பக்கத்தில் கெசட் பிளேயர். பிள்ளைகளின் படப் புத்தகத்தை வாசிக்க அதற்குப் பழக்குகிறார்களாம். அதற்குக் கண் இல்லை. படத்தில் இருப்பதை நாங்கள் எழுதித் தர வேண்டும். மிஸ் அதை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிவிட்டுக் கேள்வி கேட்பார்கள். பெட்டி சின்னப் பிள்ளை போலப் பதில் சொல்ல வேண்டும்.

எழுத இரண்டு பேர். நானும் டவுன் கடைக்காரர் மகள் ஸ்டெல்லாவும். ஒருத்தியைத்தான் மூன்று மாத வேலைக்கு எடுப்பார்கள். ஸ்டெல்லா எட்டாம் ஆண்டு படித்தவள். நான் ஐந்தோடு நின்று, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துத் தொட்டில் ஆட்டுகிறவள்.

எழுதியது: அம்மா மலைக்குப் போகிறார். பிள்ளை அழுகிறது.

தாளை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

மழை. கூரைத் தகரம் ஒழுகுகிறது, சரியாக அடுப்புக்கு மேலே. வாங்க: மண்ணெண்ணெய், நூல், தம்பிக்குப் பள்ளிக்கூடக் கொப்பி.

எனக்குப் பதினாறு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை தோட்ட வேலைக்குப் பேர் பதிய வரச் சொல்லி அம்மாவிடம் கங்காணி சொல்லியிருக்கிறார். பதிந்தால் மறுநாளே கூடை.

"அந்தப் பொட்டிக்கார மிஸ் எடுத்தா சரி. இல்லாட்டி நீ என்கூடதான் வரணும்."

அம்மாவின் விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருக்கிறது. எனக்கு எழுதப் பிடித்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 7, சனி

அதே படத்துக்கு ஸ்டெல்லா "சந்தைக்கு" என்று எழுதியிருந்தாள். மிஸ் கேள்வியைத் தட்டினார்கள். அம்மா எதற்குப் போனார்? பெட்டி: சாமான் வாங்க. சரி.

அடுத்து என்னுடையது. அம்மா எதற்குப் போனார்? பெட்டி: மலை ஏற. எப்போது வருவார்? பெட்டி: உச்சியைப் பார்த்த பிறகு.

"புள்ளைய விட்டுட்டு சிவனொளிபாத மலைக்குப் போயிட்டாங்க போல" என்றாள் ஸ்டெல்லா. மிஸ்ஸும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

எங்கள் தோட்டத்தில் மலைக்குப் போவதென்றால் கொழுந்து பறிக்கப் போவது என்றேன். இரண்டாம் தரம்தான் மிஸ்ஸுக்குக் கேட்டது. சிரிப்பை நிறுத்தினார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் பெட்டிக்குள் போகுமாம். மலை என்றால் உயரமான இடம் என்று போட்டாகிவிட்டது.

"அப்ப 'வேலைக்கு'ன்னு மாத்திடுவோமா? அர்த்தம் அதேதானே?" என்றார்கள்.

தலையாட்டினால் போதும். மிஸ் எதை மாற்றச் சொன்னாலும் ஸ்டெல்லா உடனே மாற்றுகிறாள்.

காம்பராவில் பிள்ளைகள் அம்மா எங்கே என்று அழும். வேலைக்கு என்று சொல்லி ஒன்றும் அடங்கியதில்லை. மலைக்கு என்றால் அதுகளுக்குத் தெரியும். இருட்டுமுன் வருவார்கள், ஈரச் சேலையில் கொழுந்து வாசம் இருக்கும்.

"எங்க புள்ளைங்க அப்படிச் சொல்லாதுங்க மிஸ். மலைன்னுதான் சொல்லும்."

யாரை எடுப்பது என்பதை, திங்கட்கிழமை எட்டு மணிக்கு இரண்டு பேரும் வந்தால் அப்போது சொல்கிறேன் என்றார்கள் மிஸ்.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தது. காயவில்லை. தலையாட்டியிருக்கலாம். நான் மடச்சி.

ஜூன் 9, திங்கள்

பஸ்ஸில். எழுத்து ஆடுகிறது.

ஐந்தரைக்கு, வேலைக்குக் கூப்பிடும் தப்பு அடித்தது. நனையாமலிருக்கப் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டே, பெரட்டுக்கு வா, அங்கே ஆள் கணக்கெடுத்துப் பேர் பதியக் கங்காணி நிற்பார் என்றார் அம்மா. நான் ஹட்டனுக்குப் போகிறேன் என்றேன்.

"எடுக்கலன்னா?"

"நாளைக்குப் பதியிறேம்மா."

அம்மா கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அடுப்படியில் பார்த்தால் தன் ரொட்டியில் பாதியைத்தான் எடுத்துப் போயிருக்கிறார். மீதியைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.